இரோக்குவாய் மக்களின் நெடுவீட்டையும் நம் வளவு வீட்டையும் ஒப்பிடுவது சரியா?

ஆத்தங்குடிக்கல் (கானாடுகாத்தான்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பழைய நகரத்தார் வீடுகளைப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்பது ஆண்டுகளாக வழிகாட்டியாக இருந்து வருகிறேன். முகப்பு, பட்டாலை, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் வரை சொல்ல வேண்டியவை எல்லாம் எனக்கு மனப்பாடம். சென்ற மாதம் வந்த ஒரு முதிய பெண்மணி கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லாமல் போயிற்று.

அவர் கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்தின் கிராண்ட் ஆற்றங்கரையிலிருந்து வந்தவர். இரோக்குவாய் என்று பிறர் அழைக்கும் மக்களைச் சேர்ந்த மோஹாக் இனத்தவர். தங்களைத் தாங்கள் ஹோடெனொசோனி என்று சொல்லிக்கொள்வதாகவும், நீண்ட வீட்டைக் கட்டும் மக்கள் என்பது அதன் பொருள் என்றும் கூறினார். வளவைச் சுற்றியுள்ள பத்தியில், வரிசையாக இருக்கும், இரட்டை வீடு எனப்படும் அறைகளின் முன்னே நெடுநேரம் நின்றார். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு, பெற்றோர் அவர்களை வேறு வைத்த பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) தனி அடுப்பு, ஆனாலும் கூரை ஒன்றுதான் என்று வழக்கம்போல் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர், "எங்கள் முன்னோர் வீடும் இப்படித்தான், ஒரே கூரையின் கீழ் பல அடுப்புகள்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இந்த அறைகள் யார் பெயரில் வருகின்றன?" என்று கேட்டார். மகன்களின் பெயரில் என்றேன். "எங்கள் வீட்டில் அடுப்புகள் எல்லாம் பாட்டியுடையவை" என்று சொல்லிவிட்டு, நிலைக்கதவின் மரச்செதுக்கலைக் கையால் தடவிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. நம் வீடுகளைக் காட்டும்போது இந்த ஒப்புமையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் பாதி தெரிந்துகொண்டு சொன்னால், தொலைவில் இருக்கும் ஒரு மக்களைப் பற்றிப் பிழையான செய்தியைப் பரப்பியவனாகி விடுவேன். அந்த நெடுவீடு எப்படி இருந்தது? யார் யார் அதில் வாழ்ந்தார்கள்? நம் வளவோடு அதை ஒப்பிடுவது பொருந்துமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோட்டையூர் வாசகன் மறுமொழி:

தம்பி, நல்ல கேள்வி. கல்லூரியில் மானிடவியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீடு. இளமரக் கம்புகளை இரு வரிசையாக நட்டு, மேற்பகுதியை வளைத்துக் கட்டி, எல்ம் மரத்தின் பட்டையைப் பெரிய பெரிய பலகைகளாக உரித்து அதன்மேல் வேய்வார்கள். மரத்தில் சாறு ஓடும் இளவேனிலில்தான் பட்டை கிழியாமல் உரியும் என்பதால் வீடு கட்டுவதற்கென்று பருவம் உண்டு. அகலம் ஏறத்தாழ 20 அடி. நீளமோ குடும்பம் பெருகப் பெருகக் கூடிக்கொண்டே போகும். அகழ்வாய்வில் 300 அடிக்கும் மேல் நீண்ட வீடுகளின் கம்புக்குழிகள் கிடைத்திருக்கின்றன. சன்னல் கிடையாது, வாசல்கள் இரு முனைகளில் மட்டுமே. நடுவே ஒரு நடைபாதை, அதில் சுமார் 20 அடிக்கு ஒன்றாக அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே கூரையில் புகைபோக ஒரு திறப்பு. ஓர் அடுப்பை அதன் இருபுறமும் எதிரெதிரே குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் படுக்கும் மேடை, அதற்கு மேலே பொருள் வைக்கும் பரண், உத்தரத்தில் பின்னித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர்கள் என்று உட்புறத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதே போன்ற வீடுகளில் வாழ்ந்த அண்டை மக்களான வெண்டாட்டுகளிடம் 1615இல் சென்று குளிர்காலத்தைக் கழித்த பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன், புகையால் பலருக்குக் கண்நோய் வந்ததாக எழுதியிருக்கிறார். ஆகவே அந்த வாழ்க்கையில் இடர்ப்பாடே இல்லை என்று அழகுபடுத்திச் சொல்லிவிடாதீர்கள்.

அவர்களுடைய வடக்கு, கிழக்கு அண்டையரான அல்கோன்கியன் மொழி பேசும் மக்களுள் பலர், குறிப்பாக ஒஜிப்வேக்கள், சிறிய குவிமாட வடிவிலான விக்வாம்களில் வாழ்ந்தவர்கள். ஆகவே அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோருக்கும் ஒரே வகை வீடு என்று பொதுப்படையாகச் சொல்வது தவறு.

இனி அந்த அம்மையார் சொன்னதற்கு வருவோம். நம் வளவில் நிலையாக இருப்பவர்கள் ஆண்கள்; வெளியூரிலிருந்து வந்து சேர்பவர்கள் மருமகள்கள். நெடுவீட்டில் இது தலைகீழ். ஒரு மூதாட்டி, அவருடைய சகோதரிகள், அவர்களுடைய மகள்கள், பேத்திகள் ஆகியோர் நிலையாக இருப்பார்கள். கணவன்மார்கள் வேறு வீட்டிலிருந்து வந்து சேர்வார்கள். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். மோஹாக், ஒனைடா இரு இனத்தாருக்கும் ஆமை, ஓநாய், கரடி என மூன்று குலங்கள். மற்ற இனங்களில் இன்னும் பல உண்டு. நம்மில் பொதுவாக ஒரே கோயில் (குலப்பிரிவு) பங்காளிகளுக்குள் பெண் எடுக்காததுபோல் அங்கேயும் ஒரே குலத்துக்குள் மணம் இல்லை. ஆனால் நம் கோயில் தந்தை வழியில் வருகிறது, அவர்கள் குலம் தாய் வழியில் வருகிறது. நிலமும் விளைச்சலும் களஞ்சியமும் பெண்கள் பொறுப்பு. காடு வெட்டித் திருத்துவது, வேட்டை, போர், பேச்சுவார்த்தை ஆகியவை ஆண்கள் வேலை. போருக்குப் புறப்படுகிறவர்களுக்கு உலர்ந்த சோளமாவைக் கொடுப்பதும் மறுப்பதும் பெண்கள் கையில் இருந்ததால், போரைத் தடுக்கும் வலிமையும் அவர்களிடம் இருந்தது.

வீட்டின் இந்த அமைப்பே அவர்களுடைய அரசாகவும் ஆயிற்று. மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து இனங்களும் இன்றைய நியூயார்க் மாநிலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக வாழ்ந்தன. அந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே நெடுவீடாகக் கருதினார்கள். மோஹாக்குகள் கீழ்வாசல் காவலர், செனகாக்கள் மேல்வாசல் காவலர், நடுவில் ஒனண்டாகாவில் எரிவது பொது நெருப்பு. 1722 வாக்கில் டஸ்கரோரா இனம் ஆறாவதாகச் சேர்ந்தது. பெருஞ்சபையில் 50 தலைவர் பட்டங்கள்: மோஹாக்குக்கு 9, ஒனைடாவுக்கு 9, ஒனண்டாகாவுக்கு 14, கயூகாவுக்கு 10, செனகாவுக்கு 8. பட்டம் பெறுபவர் ஆண். அவரைத் தேர்ந்தெடுப்பவர் அந்தக் குலத்தின் தாய். தவறு செய்தால் மூன்று முறை எச்சரித்துவிட்டுப் பட்டத்தைப் பறிப்பவரும் அவரே. சட்டத்தில் புதியதொன்றைச் சேர்ப்பதை அவர்கள் "உத்தரத்தைக் கூட்டுவது" என்றுதான் சொல்வார்கள். வீட்டை நீட்டும் சொல்லே சட்டத்தை நீட்டவும் பயன்பட்டது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இன்னொரு செய்தி இருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை அதுவே மிக முக்கியம் என்பேன். ரோச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா இனத்தவரான ஈலி பார்க்கரின் துணையோடு இம்மக்களைப் பற்றி 1851இல் ஒரு நூல் எழுதினார். செனகாக்கள் தந்தையின் சகோதரனையும் "ஹானி", அதாவது தந்தை என்றே அழைப்பதையும், தாயின் சகோதரியைத் தாய் என்றே அழைப்பதையும், தாயின் சகோதரனுக்கு மட்டும் "ஹக்நோசே" என்று தனிச்சொல் இருப்பதையும் அவர் கவனித்தார். இது உலகில் வேறெங்கும் உண்டா என்று அறிய மிஷனரிகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார். ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் பாதிரியார் வழியாகத் தமிழ் உறவுமுறைச் சொற்கள் அவர் கைக்குக் கிடைத்தபோது திகைத்துப் போனார். பெரியப்பா, சித்தப்பா என்பவற்றில் அப்பா இருக்கிறார். பெரியாத்தா, சின்னாத்தா என்பவற்றில் ஆத்தா இருக்கிறார். அம்மான் மட்டும் தனி. அப்படியே செனகா முறை. இந்த ஆய்வு 1871இல் நூலாக வந்தது. இதை வைத்து அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதாக மார்கன் எண்ணியது தவறு. தொடர்பே இல்லாத மக்களிடமும் ஒரே வகை முறை தனித்தனியாக உருவாகும். அந்த அம்மையாரும் நாமும் ஒரு தாய் மக்கள் என்று உற்சாகத்தில் சொல்லிவிடாதீர்கள்.

ஆத்தங்குடிக்கல்:

ஐயா, மிக்க நன்றி. ஒரே ஒரு ஐயம். உறவுமுறைச் சொற்கள் அப்படியே ஒத்திருக்கின்றன என்றால், அவர்களும் அம்மான் மகளை மணந்துகொள்வார்களா? சுற்றுலாவில் முறைப்பெண் வழக்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்.

கோட்டையூர் வாசகன்:

இல்லை தம்பி, வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அம்மான் மகளை மணக்கும் முறை அவர்களிடம் கிடையாது. அது சொற்களிலும் தெரியும். உங்கள் அப்பச்சிக்கு (தந்தைக்கு) ஓர் அம்மான் மகன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பச்சிக்கு மைத்துனன் முறை; ஆகவே உங்களுக்கு மாமன் முறை; அவர் மகள் உங்களுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. செனகா கணக்கில் தந்தையின் தலைமுறையில் தந்தை வழியில் வரும் ஆண்கள் அனைவரும் தந்தையரே. ஆகவே அதே மனிதர் அங்கே உங்களுக்குத் தந்தை, அவர் மகள் உங்களுக்குச் சகோதரி. நம் முறையில் யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வி தலைமுறை தலைமுறையாக ஊடுபாவாக ஓடுகிறது. அவர்கள் முறையில் அந்த இழை இல்லை; மணத்தைத் தீர்மானிப்பது குலம். அமெரிக்க அறிஞர் லவுன்ஸ்பரி 1964இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். முதல் வட்டத்தில் ஒன்றுபோல் தோன்றி, இரண்டாம் வட்டத்தில் இரு முறைகளும் பிரிகின்றன என்று நீங்கள் சொன்னால் அது சரியாக இருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி மறுமொழி:

நான் படித்தவள் இல்லை. ஆனால் என் மகள் நியூயார்க் மாநிலத்தில் இருப்பதால், விக்டர் என்ற ஊருக்கு அருகிலுள்ள கனொண்டகன் என்ற இடத்துக்கு என்னை அழைத்துப் போயிருக்கிறாள். 1687இல் பிரெஞ்சுப் படை வந்ததில் அழிந்த செனகா ஊர் அது. பட்டையால் வேய்ந்த ஒரு நெடுவீட்டை அங்கே மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உரலும் உலக்கையும். மரத்தண்டைக் குடைந்த உயரமான உரல். உலக்கை இருமுனையும் பருத்து, நடுவில் கைப்பிடிக்கும் இடம் மட்டும் மெலிந்திருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள் என்று சொன்னதும், சிறுவயதில் இரண்டாங்கட்டில் மாவிடிக்கும் ஓசை என் காதில் கேட்டது.

சோளத்தை அவர்கள் பக்குவப்படுத்தும் முறையை இங்கே யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், எழுதவில்லை. அது நம் ஊரில் மக்காச்சோளம் என்கிறோமே, அதுதான். உலர்ந்த முத்துகளை மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைப்பார்கள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு அதை ஒரு கூடையில் போட்டு ஓடும் நீரில் அலசி அலசித் தோலையும் சாம்பலையும் போக்குவார்கள். சாம்பல் சேர்ப்பது தோலை நீக்குவதற்கு மட்டும் இல்லை. சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற சத்து அப்போதுதான் உடலில் ஒட்டும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த ஐரோப்பிய ஏழை மக்கள் பெலக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு "மூன்று சகோதரிகள்" என்று அழைக்கிறார்கள். சோளத்தண்டில் அவரைக்கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். ஓக் மரத்துத் தளிர் அணிலின் காதளவு வந்தால் விதைக்கும் காலம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த அலசும் கூடையைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். பிளாக் ஆஷ் என்ற ஒரு மரத்தின் தண்டை நீளவாக்கில் அடித்துக்கொண்டே வந்தால், ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பட்டை பட்டையாக வருமாம். அதைச் சீவிப் பின்னுகிறார்கள். அடிப்பகுதியில் நீர் வடியக் கண்விட்டுப் பின்னியிருந்தார்கள். நான் ஓலைக் கொட்டான் முடைபவள். அந்த முடைவில் கை எங்கே இழுத்திருக்கிறது, எங்கே தளர விட்டிருக்கிறது என்று விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு இப்போது அந்த மரங்களைத் துளைத்து அழித்து வருகிறதாம். நமக்குப் பனை போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தம்பி சொன்ன வீட்டுரிமைக்கு ஒரு சொல். வீடு ஆண்களுக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இரட்டை வீட்டுக்குள் பூட்டியிருக்கும் சாமான், வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எல்லாம் என் ஆத்தா வீட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொரு பாத்திரத்திலும் என் பெயரெழுத்து வெட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில். அதையும் சேர்த்து அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

கிராண்ட் ஆற்றங்கரைத் தேவகோட்டையார் மறுமொழி:

ஆச்சிக்கு வணக்கம். நான் பிறந்தது தேவகோட்டை. பதினெட்டு ஆண்டுகளாக ஒன்டாரியோவில், அந்த அம்மையாரின் மக்கள் வாழும் இடத்திலிருந்து அரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறேன். அவர்கள் எப்படிக் கிராண்ட் ஆற்றங்கரைக்கு வந்தார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779இல், வாஷிங்டனின் ஆணைப்படி சல்லிவன், கிளின்டன் என்ற தளபதிகளின் படைகள் 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்து, வயலில் நின்ற சோளத்தையும் அழித்தன. பலர் வடக்கே ஒதுங்கினார்கள். 1784இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட், கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் ஆறு ஆறு மைல் அகலத்துக்கு நிலம் கொடுத்தார். அதில் இன்று அவர்கள் கையில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

அடுப்பு பாட்டியுடையது என்று அவர் சொன்னதன் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது. கனடா அரசு 1876இல் கொண்டுவந்த சட்டம், ஒருவர் பழங்குடி உறுப்பினரா என்பதைத் தந்தை வழியில் கணக்கிட்டது. தாய் வழியில் குலம் வரும் மக்களிடம் இதைத் திணித்தார்கள். பழங்குடி அல்லாதவரை மணந்த பெண் தன் உரிமையை இழந்தாள். 1985 வரை அது மாறவில்லை. 1924இல் குலத்தாய்மார் தேர்ந்தெடுத்த சபையை அரசு காவலர்களைக் கொண்டு நீக்கிவிட்டு, தேர்தல் சபை ஒன்றை அமைத்தது; பழங்குடிச் சபைத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு 1951இல்தான் கிடைத்தது. தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வாக்குச்சீட்டுக்கு 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள். இருந்தும் பழைய சபை மறையவில்லை. குலத்தாய்மார் இன்றும் பட்டம் கொடுக்கிறார்கள்.

கோட்டையூர் ஐயா சொல்லாத ஓர் ஒப்புமையும் உண்டு. நம்மில் வாரிசு இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்கிறோம் அல்லவா, அவர்களிடமும் அது பெருவழக்கு. இறந்தவருடைய இடத்தில் வேறொருவரை வைத்து, அவர் பெயரையே மீண்டும் எழுப்புவார்கள்; போரில் பிடிபட்டவர்கூட அப்படி மகனாகவோ மகளாகவோ ஆகிவிடுவார். 1758இல் பென்சில்வேனியாவில் சிறைபிடிக்கப்பட்ட மேரி ஜெமிசன் என்ற சிறுமியை, போரில் சகோதரனை இழந்த இரு செனகாப் பெண்கள் அவன் இடத்தில் சகோதரியாக ஏற்றார்கள். திரும்பிப் போக வாய்ப்பு இருந்தும் போகாமல் 1833இல் இறக்கும் வரை செனகாவாகவே வாழ்ந்தார். நாம் பிள்ளை கூட்டும்போது ஒரே கோயிலுக்குள் பார்க்கிறோம்; அவர்கள் அயலாரையும் எடுத்துக் குலம் கொடுத்தார்கள்.

இன்று யாரும் பட்டை வீட்டில் குடியிருப்பதில்லை, சாதாரண வீடுகள்தான். நெடுவீடு என்று இப்போது சொல்வது சடங்குகளும் கூட்டங்களும் நடக்கும் மரக்கட்டடத்தை. எந்தக் கூட்டமும் நன்றியுரையோடுதான் தொடங்கும். பொதுநிகழ்ச்சி ஒன்றில் அதைக் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது. மக்கள், தாயாகிய நிலம், நீர், மீன், பயிர், மூலிகை, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி என்று ஒவ்வொன்றாக அழைத்து நன்றி சொல்கிறார்கள். இடியைப் பாட்டன்மார் என்கிறார்கள், கதிரவனை அண்ணன் என்கிறார்கள், நிலவைப் பாட்டி என்கிறார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், இப்போது நம் மனங்கள் ஒன்று என்பார் உரைப்பவர். கூட்டம் அதை ஆமோதிக்கும். மொழி புரியாமலேயே நானும் தலையசைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வேண்டுகோள். அவர்களுடைய சடங்கு முகமூடிகளின் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அவற்றை உங்கள் விளக்கப் பலகையில் வைக்காதீர்கள். அவை உயிருள்ளவை என்பது அவர்கள் நம்பிக்கை. காட்சிக்கு வைப்பதையும் படமெடுப்பதையும் பெருஞ்சபை வெளிப்படையாக எதிர்த்திருக்கிறது. நெடுவீட்டின் வரைபடம் ஒன்று போதும்.

ஆத்தங்குடிக்கல்:

அனைவருக்கும் நன்றி. முகமூடிப் படம் ஒன்றைப் பதிவிறக்கி வைத்திருந்தேன், இப்போது அழித்துவிட்டேன். நேற்று ஒரு குழுவை அழைத்துப் போனபோது வளவில் இரட்டை வீடுகளின் முன்னே நின்று, இந்த வீட்டில் வந்து சேர்பவர் மருமகள், நெடுவீட்டில் வந்து சேர்பவர் மருமகன் என்று தொடங்கி, ஆச்சி சொன்ன பாத்திரத்தையும் கையில் எடுத்துப் பெயரெழுத்தைக் காட்டினேன். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் கடந்து போகும் இடத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த அம்மையார் முகவரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆச்சி, அவருக்கு ஒரு கொட்டான் அனுப்ப விரும்புகிறேன். முடைந்து தருவீர்களா?

பள்ளத்தூர் ஆச்சி:

தருகிறேன் தம்பி. மூடி போட்ட கொட்டானாகவே முடைகிறேன். வெயில் தாழ்ந்ததும் ஓலை சீவத் தொடங்குவேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எந்தக் குலம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஆமை என்றால் மூடியில் ஆமை ஓட்டுக் கட்டம் வருமாறு சாய ஓலையைக் கோத்துவிடலாம். ஓநாய், கரடி என்றால் யோசிக்க எனக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்.